பி பக்கம், கடைசிப் பாட்டு

பெங்களூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
டயர் விளம்பரமாம்,
எங்கள் பாட்டில் பதினோரு விநாடி வேண்டுமாம்.
"கணவாய் பேண்டில் பேஸ் கிடார் நீங்கதானே, செசிலி மேடம்?"
கொழிஞ்சாம்பாறை அக்ஷயா சென்டரில் அப்போது
யாருடைய கட்டைவிரலையோ
மிஷினில் அழுத்திப் பிடித்திருந்தேன்.
ரேகை விழவில்லை.
எனக்கும் ஆமாம் என்று சொல்லக்
கொஞ்சம் நேரம் பிடித்தது.

பெயர் வைத்தது நான்தான்.
மலை இரண்டாக விலகி
காற்றுக்கு வழிவிட்ட இடம், கணவாய்.
தூத்துக்குடிக் காலேஜில் போஸ்டர் அடித்தார்கள்,
பத்துக் கையோடு ஒரு மீன்
கிடார் வாசிக்கிறது.
சிவதாசன் அதைச் சுவரோடு பிய்த்து வந்து
தன் கிடார் பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டான்.

மீரான் டிரம்ஸ். இரவில் கஞ்சிக்கோடு இரும்பாலை,
பகலிலும் இரும்பாலைதான் என்பார்கள் பக்கத்து வீட்டார்.
பாடியது அலோஷியஸ்.
காதல் மலையாளத்தில், கோபம் தமிழில்,
பாட்டு இங்கிலீஷில்;
மூன்றுக்கும் உச்சரிப்பு ஒரே ஊர்.

தொண்ணூற்று மூன்று, மே மாதம்.
வாளையார் செக்போஸ்ட்டை ஒட்டி
ஒரு மிளகாய்க் குடோன், வாடகை குறைவு.
ஒன்பது பாட்டு முடிந்தும் டேப் மிச்சம் இருந்தது.
காசு கொடுத்த டேப்.
ஃபேன் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தி,
வெந்து சாகாமல் இருக்க ஜன்னலைத் திறந்து,
சும்மா ஒன்று வாசித்தோம்: டோக்கன் நம்பர் நாற்பது.
வரிசையில் கிடக்கும் லாரிகளைப் பற்றி,
வார்த்தை பாதி, தும்மல் பாதி.
இரண்டாம் சரணத்தின் வாசலில்
வெளியே ஒருவன் பொறுமையிழந்து ஹாரன் அடித்தான்.
இரண்டு சுரம். நீளமாக.
அலோஷியஸ் சிரித்துவிட்டான்,
சிரித்த மூச்சிலேயே அரைச்சுரம் ஏறிப் பாடிவிட்டான்.
அழிக்கலாம் என்றேன்.
டேப் தீர்ந்துவிட்டது.

அந்த வருஷம் பொள்ளாச்சி முதல் குன்னங்குளம் வரை
ஒவ்வொரு டீக்கடையிலும் அந்த ஹாரன்.
ஹாஸ்டல் பையன்கள் வாயால் ஊதினார்கள்.
பஸ் டிரைவர்கள் பதிலுக்கு அடித்தார்கள்.
நல்ல ஒன்பது பாட்டு
ஏ பக்கத்திலும் பி பக்கத்திலும்
வெயில் படாத துணிபோல் கிடந்தது.
மேடையேறினால், "நாற்பது! நாற்பது!"
ஒரே இரவில் நான்கு முறை வாசித்திருக்கிறோம்.
இரண்டாவது கேசட் வந்தது.
வந்தது என்பது எங்களுக்கும்
திருப்பி அனுப்பிய கடைக்காரருக்கும் தெரியும்.

விளம்பரத்துக்கு நான்கு கையெழுத்து வேண்டும்.
மீரான் ஷார்ஜாவிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பினான்,
"ஓவர்டைம்" என்று ஒரு வரி சேர்த்து.
அலோஷியஸ் வேலந்தாவளத்தில் பாஸ்டர்.
"அந்த அலோஷியஸ் செத்துப்போனான், சிஸ்டர்" என்றான்.
எவ்வளவு தருவார்கள் என்று கேட்டான்.
உயிர்த்தெழுந்து போட்டான்.
சிவதாசனுக்கு அவன் மகள் போட்டாள்.
பெட்டியைத் திறந்து காட்டினாள்.
மீனுக்கு இப்போது ஆறு கைதான்,
மிச்சத்தைக் கரையான் வாசித்துவிட்டது.

அப்புறம்தான் அந்தப் பதினோரு விநாடி வந்து சேர்ந்தது.
ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்.
ஹாரன்.
அதன் வாலில் ஒரு சிரிப்பின் தொடக்கம், கட்.
என் பேஸ் இல்லை. மீரான் இல்லை.
சிவதாசனின் ஒரு நரம்புகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வாளையார் போனேன்.
ஜிஎஸ்டி வந்ததும் செக்போஸ்ட் போய்விட்டது.
கம்பத்தின் அடிக்கட்டை மட்டும் இருக்கிறது,
அதில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள்.
லாரிகள் நிற்பதில்லை.
நிற்காதவன் எதற்கு ஹாரன் அடிப்பான்?
காற்று மட்டும் முன்போலவே
என் புடவையைக் கேரளாவுக்குள் இழுத்தது.

பாரத்தில் ஐந்தாவது கோடு போட்டு எழுதினேன்:
அரிசி லாரி, ஆந்திரா நம்பர்,
டிரைவர் பெயர் தெரியாது,
பங்கு ஐந்தில் ஒன்று.
வக்கீல் சிவப்பு மையில் வட்டம் போட்டுத்
திருத்தி அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டார்.
திருத்தினேன்.
ஐந்தில் ஒன்று என்பதைப்
பாதி என்று.